தாய்மாமன் கையெழுத்து

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் திருப்பூரில் இருக்க, உன் மகள் தமிழ்மதி என் வீட்டிலிருந்து ஒன்பதாவது படிக்கிறாள். அவள் சடங்குக்கு முதல் சீர் என்னுடையது. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்கு மட்டும் என்னைக் கேட்காமல் போனிலேயே அவளிடம் சரி என்றிருக்கிறாய். அதனால்தான் பள்ளிப் படிவத்தில் ‘சம்மதம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

உடலுறவில் தொற்றும் கிருமிக்குப் பதினான்கு வயதில் எதற்கு ஊசி என்று அவளைக் கேட்டேன்.

அவள் தலை குனியவில்லை. “கிருமி வாரதுக்கு முன்னாடி போட்டாத்தான் மாமா நல்லது. வகுப்புல எல்லாரும் போடுறோம்” என்றாள். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, “அத்தை இந்த நோயிலதான செத்தாக. அவுக ஊரத் தாண்டுனதே இல்லையே. எப்படி மாமா வந்துச்சு?” என்று உன் அண்ணியைப் பற்றிக் கேட்டாள்.

சோற்றுக்கு வைத்த வெஞ்சனத்தில் உப்பில்லை என்று எழுந்துவிட்டேன். உப்பு இருந்தது.

பள்ளியில் கொடுத்த ஊசி நோட்டீசை நான்கு முறை வாசித்தும் குழப்பம் தீரவில்லை. ஒரே புருஷனோடு வாழ்ந்தவளுக்கும் அவன் மூலமாக வருமாம். நான் பூ ஏற்றிப்போய்க் கோயம்புத்தூரில் தங்கிய வருஷங்களைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

நீ என்னைக் கேட்காதது தப்புதான். அதில் மாற்றமில்லை.

வேறு படிவம் வாங்கிச் சம்மதம் என்று கையெழுத்திட்டேன். என் மறுப்பை வாங்கிக்கொண்ட டீச்சர், சம்மதத்துக்குப் பெற்றவர்கள்தான் வேண்டும் என்கிறார். ஊசி வெள்ளிக்கிழமை. வியாழனே வந்துவிடு.

அவள் கேட்டதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று மட்டும் கேட்காதே.

உன் அண்ணன்