குமரன் சொன்ன கதையின் முடிவு

ஆடி, இரண்டாம் வெள்ளி

சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பும்போது எல்லையிலிருந்து குமரன் போன் செய்தான். அண்ணன் மகன். அங்கே கூடாரத்தில் கூட இருக்கும் நாலு சிப்பாய்களை உட்கார வைத்து, பகடை உருட்டி ஒரு கதை விளையாட்டு நடத்துகிறான். ஒருத்தன் வில்லாளி, ஒருத்தன் மந்திரவாதி. கதை சொல்வது இவன். முடிவு இவனுக்கு மட்டும்தான் தெரியும்.

“அத்தை, அரக்கன் கோட்டையில என்னா இருக்குதுன்னு சொல்றேன், எழுதிக்கோ. இங்க இருக்கிற பசங்க போன் பண்ணிக் கேட்டா நீ சொல்லணும்.”

“ஏன், நீ எங்கடா போற?”

“மேல வேற போஸ்ட்டுக்கு. கொஞ்ச நாள் போன் இருக்காது. அவ்ளோதான்.”

“நீயே வந்து சொல்லுப்பா. அதுவரைக்கும் அவங்க காத்துக்கினு இருக்கட்டும்.”

சிரித்தான். ஆனாலும் விடாமல் கடைசி வரைக்கும் சொன்னான். இவ்வளவு நிதானமாக அவன் பேசியதே இல்லை.

“எழுதிட்டியா அத்தை?”

“எழுதிட்டேன்டா.”

பொய். பேனாவையே தொடவில்லை. கோயிலில் காமாட்சி முன்னால் நின்று அவன் பேருக்கு அர்ச்சனை செய்யச் சொன்னேன். அண்ணியிடம் மூச்சு விடவில்லை.

சொன்னதெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. எழுதிவிட்டால் அவன் திரும்பி வர ஒரு காரணம் குறைந்துபோகும். இந்த நோட்டிலும் எழுத மாட்டேன், தாயே.