சேர்ந்து ஓடுகிறவள்

என்னோடு தினமும் ஓடுகிறவருக்கு,

மிசோ சூப் அடுப்பில் இருக்கிறது. உங்களுக்காக உப்பைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

இன்று உங்கள் கம்பெனியில் ஊழியர்களின் மனைவிமாருக்கு நடத்தும் உடல் பரிசோதனைக்குப் போனேன். நர்ஸ் ஹதகெயாமா என் தொப்புளுக்கு நேரே டேப்பைச் சுற்றி அளந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க இது? உங்க வீட்டுக்காரருக்கு எடை அப்படியேதான் இருக்கு. ஆனா கொழுப்பு போயி தசை வந்திருக்கு, நாடி நிதானமா அடிக்குது, சர்க்கரையும் இறங்கிடுச்சு. உங்களுக்கு மட்டும் எல்லாம் ஏறியிருக்கே! காலையில ஆத்தங்கரையில சேர்ந்துதானே ஓடுறீங்க? பொண்டாட்டி கூட வரலேன்னா நான் ஓடவே மாட்டேன்னு பெருமையா சொன்னாரே!"

"குளிருது, நீ தூங்கு" என்று தினமும் விடியற்காலையில் எனக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டுப் போவீர்களே, அந்தக் கை நினைவுக்கு வந்தது.

"நான் கொஞ்சம் மெதுவா ஓடுவேங்க" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

உங்கள் இதயம் நன்றாக இருப்பதில் சந்தோஷம்தான். யார் செய்த புண்ணியமோ.

வரும் வழியில் ஓடுவதற்கு ஷூ வாங்கினேன். வாசலில் உங்களுடையதற்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாளைக் காலை நானும் வருகிறேன். ஆற்றங்கரையில் காத்திருப்பவளிடம் சொல்லிவையுங்கள்: நான் மெதுவாகத்தான் ஓடுவேன், ஆனால் பாதியில் திரும்ப மாட்டேன்.

இப்படிக்கு,
நர்ஸிடம் உங்களைக் காட்டிக்கொடுக்காத மனைவி