ஏறுபடி கடலில் விழுந்த கதை

1984 ஜனவரி 7, சனி

வாடைக்காற்று. ஜீப் ஸ்ராட் ஆகவில்லை. ஹாண்டில் போட்டுச் சுற்றி, பதினாறாம் சுற்றில் எடுத்தது. தோள்மூட்டில் நோ. யாருக்கு வயது கூட, எனக்கா அதற்கா என்று கேட்டால் மகள் சுகந்தி சரியான விடை சொல்லுவாள். கேட்கவில்லை.

பி.ப. 2 மணி. மனைவி றோசலினைக் (இனி றோ., மை மிச்சம்) கன்னியர் மடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனேன். அவள் படிப்பிக்கிற சனிக்கிழமைத் தையல் வகுப்பு. பதினொரு பிள்ளைகள், மூன்று மெஷின், ஒன்று ஓடாது.

ஊர்காவற்றுறைத் துறையடியில் மினிபஸ்காரர். அவர்களின் வண்டிகளில் கலர் லைற், குஞ்சம், ஊர் அதிர அடிக்கிற கோண் மூன்று. ஒருவன் என் ஜீப்பைக் கண்டதும், "விலகுங்கோடா, ஆஸ்பத்திரி வண்டி வருகுது!" மற்றவன் குருசு போட்டான். ஒரே சிரிப்பு. நான் வேகமாக மிதித்தேன். றோ. பக்கத்தில் இருந்தாள். காற்றுச் சத்தத்தில் கேட்டிருக்காது.

அவர்கள் சொன்னதிலும் பிழை இல்லை. இடது பக்கம் இரும்பு ஏறுபடி, அதற்கு மேலே முழநீளக் கைபிடி. பார்த்தால் நோயாளர் வண்டிதான்.

என் மீன்பிடிச் சாமான் கடையில் தங்கூசி நைலோன் வலை இரண்டு கட்டு விற்றுப்போனது.

ஜனவரி 10, செவ்வாய்

கப்பலில் வேலை செய்யும் மச்சான் சூசை விட்டுப்போன வெளிநாட்டு மோட்டார்ப் புத்தகம். இங்கிலீசு முக்கால்வாசி விளங்கவில்லை. படம் விளங்கியது. என்னுடைய அதே ஜீப், அதே வயது. ஆனால் பதிந்து, அகன்று, கறுப்பாக, காலைப் பரப்பிக்கொண்டு நிற்கிற நண்டு மாதிரி. ஒரு மணித்தியாலம் பார்த்தேன். கடைக்கு வந்தவர் உப்புக்காற்றுக்குக் கறள் பிடிக்காத ஆணி கேட்டார். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இருந்தது.

செய்ய வேண்டியது:
சில்லு நாலும், ரயரோடு, அகலமானது.
வில்லுத் தகடு பக்கத்துக்கு ஒன்று கழற்றுவது. வண்டி பதியும்.
முன் சீற் இரண்டும் கார்ச் சீற்.
பெயின்ற், கறுப்பு.
ஏறுபடி, கைபிடி வெட்டி எடுப்பது.

கடைசியை எழுதிவிட்டுக் கோடு போட்டு வெட்டினேன். பிறகு திரும்ப எழுதினேன்.

எல்லாம் அலங்காரத்துக்கு இல்லை. யாழ்ப்பாணம் போகிற பண்ணைப் பாலத்தில் பக்கக் காற்று அடித்தால் ஸ்ரியறிங் பிடிப்பது வள்ளத்துச் சுக்கான் பிடிப்பது போல. பதிந்த வண்டி ஆடாது. இதை றோ.வுக்குச் சொன்னேன். "நல்லது, செய்யுங்கோ. எனக்கும் பாலத்தில வயித்தைப் பிரட்டுறது" என்றாள். முழு மனதோடு சொன்னாள். ஏறுபடியைப் பற்றி நான் பேசவில்லை.

ஜனவரி 13, வெள்ளி

வேலணை. வண்டி திருத்துகிற சின்னராசாவின் கராச்சில் காலை முதல். போன ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்புக்குப் போய்ச் சாமான் எடுக்கிற காலமா இது? சில்லு நாலும் பழைய லொறி ஒன்றில் இருந்து. பொருந்த வைக்க அவன் பட்ட பாடு.

படியைக் காட்டினேன்.

"அண்ணை, இது அக்கா ஏறுற படியெல்லோ?"

"வண்டி பதியுதுதானே. இனித் தேவைப்படாது."

"அக்காட்டைக் கேட்டனீங்களோ?"

"ஓம்."

பொய் நம்பர் ஒன்று.

வெட்டுகிற காஸ் முடிந்துபோச்சு என்றான். முடிந்ததோ, அவனுக்கு மனம் வரவில்லையோ. இரும்பு அறுக்கிற வாளை என் கையில் தந்துவிட்டு அடுத்த வண்டிக்குக் கீழே போய்விட்டான். ஒன்றேகால் மணித்தியாலம் நானே அறுத்தேன். அறுக்கும்போதுதான் ஞாபகம் வந்தது: கலியாணம் முடித்த வருசம் அவளை மதிலோரம் நிற்க வைத்து, வலது கால் எவ்வளவு உயரம் எழும்பும் என்று கயிறு பிடித்து அளந்து, இந்தப் படியை அடிப்பித்ததும் நான்தான். சின்ன வயதுக் காய்ச்சலில் மெலிந்த கால். ஒன்பது அங்குலம் எழும்பும். அதற்கு மேல் ஏலாது. அளந்தபோது அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

ஞாபகம் வந்த பிறகும் அறுத்தேன். ஒரு பக்கம் அறுந்தாச்சு, மற்றப் பக்கமும் பாதி என்று எனக்கே நியாயம் சொன்னேன். கைபிடியை மட்டும் விட்டுவிட்டேன்.

சீற், பெயின்ற் எல்லாம் முடித்துப் பொழுதுபட வீட்டில். சுகந்தி: "அப்பா, ஜீப் என்ன, படத்தில வாற வில்லன்ரை மாதிரி! ஐயோ, நல்ல வடிவு!"

றோ. சுற்றிப் பார்த்தாள். இடது பக்கத்தில் நின்றாள்.

"படி எங்கை?"

"கறள் பிடிச்சு விழுந்திட்டுது."

"எங்கை?"

"அல்லைப்பிட்டிப் பக்கம். ரோட்டோரக் கடலுக்கை. டொம் எண்டு ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தனான், காணேல்லை."

பொய் சொன்னால் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் படிப்பும் இல்லை.

"உப்புக்காத்துத்தானே" என்றாள். "எண்ணெய் பூசச் சொல்ல நான்தான் மறந்துபோனன்."

பாதிச் சோற்றோடு எழும்பிவிட்டேன். நல்ல பாரை மீன் குழம்பு.

ஜனவரி 14, சனி

வகுப்புக்கு வெளிக்கிட்டாள். கைபிடியைப் பிடித்து ஒரு தரம் எம்பினாள். ஏலாது. இரண்டாந் தரம். ஏலாது. நான் தூக்கப் போனேன்.

"விடுங்கோ. நான் சீமெந்து மூட்டையே?"

சுகந்தி குசினியில் மீன் வெட்ட இருக்கிற முக்காலியைக் கொண்டுவந்து வைத்தாள். ஏறினாள். திரும்பி வரும்போது மடத்தில் முக்காலி இல்லை. இரண்டு பிள்ளைகள் கையைப் பிடிக்க, ஒரு பிள்ளை பின்னாலே தள்ள. அவள் படிப்பிக்கிற பிள்ளைகள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தேன். ரோட்டில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து அளவு நாடா எடுத்தேன். வில்லுத் தகடு கழற்றியதில் பதிந்தது இரண்டு அங்குலம். லொறிச் சில்லு உயர்த்தியது இரண்டரை. கார்ச் சீற் இன்னும் மூன்று. ஆக, நான் பதித்த வண்டி உயர்ந்துபோச்சு. கணக்கில் எப்போதும் நான் இப்படித்தான், வாத்தியார் அடித்ததில் பிழை இல்லை.

ஜனவரி 19, வியாழன்

யாழ்ப்பாணம் போய் வந்தேன், நைலோன் கயிறு எடுக்க. பாலத்தில் நல்ல காற்று. அகலச் சில்லில் வண்டி ஒரு துளி ஆடவில்லை. வளைவில் ஒட்டிக்கொண்டு போனது. பாட்டு வந்தது எனக்கு. இடது பக்கம் திரும்பி "பார்த்தீரே?" என்றேன். சீற் வெறுமை. எப்போதும் கூட வருகிறவள் இன்று வேலை கிடக்கு என்றாள்.

பண்ணையில் செக்கிங். ஆமிக்காரன் சில்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பச் சில்லைப் பார்த்தான். போகச் சொன்னான்.

துறையடியில் மினிபஸ்காரர். "அண்ணை, சோக்கான வண்டி!" இதற்காகத்தானே. இனிக்கவில்லை. கையைக் காட்டினேன், பிறகு அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஜனவரி 21, சனி

றோ. வகுப்புக்குப் போகவில்லை. "கால் நோகுது எண்டு சிஸ்டரிட்டைச் சொல்லிவிடுங்கோ." பதினெட்டு வருசத்தில் இவள் கால் நோகுது என்று சொல்லிக் கேட்டதில்லை. நோகும்போதும் சொல்லாதவள்.

சிஸ்டர்: "அடுத்த கிழமையும் வராட்டி வேறை ஆளைத்தான் பார்க்க வேணும். மார்ச்சிலை பிள்ளையளுக்குச் சோதனை."

திரும்பி வந்து சொன்னேன். "பார்க்கட்டும்" என்றாள். பிள்ளைகள் பார்த்துத் தைக்கக் கடதாசியில் வெட்டி வைத்திருந்த சட்டை அளவுகளை அலுமாரியில் அடுக்கினாள். அடித்தட்டில்.

சுகந்தி கிணற்றடியில் வைத்து மெல்லமாக: "அப்பா, இன்னொரு படி அடிச்சால் என்ன?" வடிவு கெட்டுவிடும் என்று வாய் வரை வந்தது. இப்படி ஒரு மனுசன்.

ஜனவரி 24, செவ்வாய்

சின்னராசாவிடம் போனேன். பழைய படியைத் தா, திரும்ப ஒட்டு என்றேன்.

"அதை அண்டைக்கே மரியதாஸ் கேட்டுக் கொண்டுபோட்டான், அண்ணை. அல்லைப்பிட்டி மரியதாஸ். வள்ளத்துக்கு நங்கூரமா."

"நங்கூரமோ?"

"ரண்டு பக்கமும் கொளுக்கி மாதிரித்தானே. சேத்துக்கை நல்லாய்க் கொழுவுமாம்."

அங்கேயே குந்திவிட்டேன். நான் சொன்ன பொய்யை மரியதாஸ் உண்மையாக்கிவிட்டான். படி அல்லைப்பிட்டிக் கடலுக்குள்தான் கிடக்கிறது. சின்னராசா எனக்கு மயக்கமாக்கும் என்று சோடா எடுக்க ஓடினான்.

ஜனவரி 26, வியாழன்

கடையிலிருந்து புது நங்கூரம் ஒன்று எடுத்துக்கொண்டு அல்லைப்பிட்டி. கோயிலடியில் காத்திருந்தேன். மதியம் மரியதாஸ் வந்தான். வள்ளத்துக்குப் பின்னால் கயிற்றில் என் படி.

"புதுசைத் தந்திட்டுப் பழசைக் கேக்கிறியள். அண்ணை, இதுக்குள்ளை பொன் கின் ஒளிச்சு வைச்சனீங்களோ?"

"மனிசியின்ரை படி."

சிரிப்பை நிறுத்திவிட்டான். கயிற்றை அவிழ்த்து, சேற்றைக் கடல் தண்ணீரில் கழுவித் தந்தான். பச்சைப் பாசி, ஒரு மூலையில் சின்னச் சிப்பி. பார்க்கக் கடலில் இருந்து எடுத்த சாமான்தான். எடுத்ததும் கடலில் இருந்துதான்.

வரும் வழி முழுவதும் பிசாசு காதுக்குள்: பேசாமல் கொண்டுபோய்க் கொடு. கடல் வற்றினபோது கண்டெடுத்தனான் என்று சொல். பாசி சாட்சி.

ஜனவரி 27, வெள்ளி

காலை. வெயில்.

சொன்னேன். பிசாசு சொன்னதைத்தான். "இஞ்சாரும், வத்துக்கை கண்டெடுத்தனான்."

றோ. படியை வாங்கி மடியில் வைத்தாள். பாசியை நகத்தால் சுரண்டினாள். பிறகு இரண்டு முனையிலும் விரலை ஓட்டிப் பார்த்தாள். தையற்காரியின் விரல். வெட்டு நேரா கோணலா என்று தெரியும்.

"கடல் இப்ப வாளும் வைச்சிருக்குதோ?"

சுகந்தி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

எல்லாம் சொன்னேன். கராச்சு, வாள், ஒன்றேகால் மணித்தியாலம், மரியதாஸ், நங்கூரம். நங்கூரத்துக்கு அவள் வாய் கொஞ்சம் கோணியது, சிரிக்கவில்லை. கடைசியில் மினிபஸ்காரர் சொன்னதையும் சொன்னேன். ஆஸ்பத்திரி வண்டி எண்டு சிரிச்சவங்கள், உமக்குக் கேட்டிருக்காது, எனக்குப் பொறுக்கேல்லை.

"கேட்டது" என்றாள். "நானும் உள்ளுக்குத்தானே இருந்தனான்."

பிறகு: "அவங்கள் சிரிச்சது எனக்கு ஒண்டுமில்லை. சின்னனிலை இருந்து பழகினது. நீங்கள் அண்டைக்கு வேகமா மிதிச்சியளே, அதுதான்."

படியை அவள் மடியில் இருந்து எடுத்தேன். அவள் உடுத்த சீத்தைத் துணியில் பாசிக் கறை. தோய்க்கத் தாரும் என்றேன். உங்களுக்குத் தோய்க்கத் தெரியாது என்றாள்.

ஜனவரி 28, சனி

விடியவே வேலணை. கறுப்புப் பெயின்றைச் சுரண்டி ஒட்டு. வண்டி உயர்ந்ததால் ஒரு படி காணாது என்றான் சின்னராசா. கீழே இன்னொன்று வேண்டும். "அண்ணை, கைபிடியும் கொஞ்சம் நீட்ட வேணும். இப்ப உண்மையா ஆஸ்பத்திரி வண்டிதான்." அடி, அடி என்றேன்.

அளவு கேட்டான். ஒன்பது அங்குலம் என்றேன். பிறகு நம்பிக்கை இல்லாமல் அவனுடைய சைக்கிளில் வீட்டுக்கு ஓடிவந்து றோ.விடம் கேட்டேன். "எட்டு. வயசு போகுதெல்லோ. கேட்டால் சொல்லியிருப்பன்." திரும்பி ஓடினேன்.

1.30. அலுமாரியின் அடித்தட்டில் இருந்து கடதாசி அளவுகளை எடுத்தாள். முக்காலியைச் சுகந்தி கொண்டுவர, கொண்டுபோ உள்ளே என்று கண்ணால் காட்டினாள். ஏறும்போது பார்த்தால் அவளுக்குப் பிடிக்காது. நான் மற்றப் பக்கம் திரும்பி மதிலைப் பார்த்தேன். முதற் படி. இரண்டாம் படி. சீற் கிரீச்சிட்டது. மதிலில் வெடிப்பு ஒன்று, பூச வேண்டும்.

வழியெல்லாம் என் பக்கம் திரும்பாமல் கடதாசி அளவுகளை எண்ணிக்கொண்டு வந்தாள்.

துறையடி. மினிபஸ்காரர் நாலைந்து பேர். தூரத்திலேயே ஒருவன் எங்களைக் காட்டி மற்றவனைத் தட்டுகிறான். என் கால் தன்பாட்டில் மிதிக்கப் போனது.

"இதிலை மெதுவாப் போங்கோ" என்றாள்.

போனேன்.