மச்சாளின் பிக்கப்புக்கு ஒயில் மாற்றிய கதை

என் ஆசை அண்ணாவுக்கு,

நீங்கள் கண்மூடிப் பதினொரு மாதமாகிறது. உங்கள் பிக்கப்பை இப்போது மச்சாள்தான் ஓட்டுகிறார். மனைவிக்குப் போகாமல் அது வேறு யாருக்குப் போகும் என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் அந்த வாகனத்துக்கு அடியில் உங்களோடு கிடந்து முதுகு விறைத்தவள் நான். மெக்கானிக் வேலைக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்யச் சொல்லி என்னை அனுப்பியதே நீங்கள்தானே?

எனக்குப் பொறாமை. வேறு யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் இருந்த ஓட்டுநர் சீட்டை மச்சாள் முன்னுக்கு இழுத்துத் தன் உயரத்துக்குச் சரிசெய்து வைத்திருக்கிறார். அதைக் கண்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருடக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கும் சுவாமியை நம் பிக்கப்பில்தான் ஏரியில் நீராட்டக் கொண்டுபோனோம். படகு இறக்கும் சரிவில் பின்பக்கமாக வண்டியை இறக்குவது எப்போதும் உங்கள் வேலை. இனி அது எனக்குத்தான் வரும் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். கோயில்காரர்கள் மச்சாளைக் கூப்பிட்டார்கள். ஒரே முறையில், கொஞ்சமும் கோணாமல் தண்ணீருக்குள் இறக்கினார். சனம் அரோகரா சொன்னது சுவாமிக்குத்தான். என் காதில் அது மச்சாளுக்குச் சொன்னதாகவே விழுந்தது. வயிறு எரிந்தது அண்ணா.

பின் அச்சு முழுவதும் தண்ணீருக்குள். ஓடி வந்த சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் முங்கினால், அச்சு தன் காற்றுப்போகும் மூச்சுக்குழாய் வழியே தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். பிறகு இத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றினால் போதும் என்ற கணக்கெல்லாம் செல்லாது. பின்சில்லுகளைச் சுழற்றும் பல்சக்கரங்கள் ஊறிக் கிடக்கும் அந்த டிஃபரென்ஷியல் ஒயிலை உடனே மாற்ற வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு தீர்த்தத்துக்கும் மறுநாள் என்னைக் கூப்பிடுவீர்கள்.

இம்முறை மச்சாள் தொலைபேசியில் கேட்டார். “சுகி மச்சாள், தீர்த்தம் முடிய அவர் ஏதோ ஒயில் மாத்துறவர். இப்பவும் மாத்த வேணுமோ?”

“தேவையில்லை. வண்டிப் புத்தகத்திலை போட்டிருக்கிற கிலோமீற்றர் இன்னும் வரேல்லை” என்றேன்.

புத்தகத்தைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. ஆனால் தெரியாமல் சொன்னேன் என்று உங்களிடம் சொல்ல முடியுமா? வண்டி பின்னால் ஊளையிடட்டும், உங்கள் பொருளை வைத்திருக்கத் தெரியாதவர் என்று நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஐந்து கிழமை கழித்து ஒரு பிறந்தநாள் வீட்டு வாசலில் அந்த ஊளை கேட்டது. மச்சாள் வண்டியை நிறுத்தினார். பின்சீட்டிலிருந்து உங்கள் மகள் அபி இறங்கினாள். “நாளைக்கு அம்மாவும் நானும் இதிலை ஹம்பேர்க் போறம், மாமி” என்றாள்.

ஓட்டோபான் நெடுஞ்சாலை வேகத்தில் அந்தப் பல்சக்கரங்கள் இறுகிப் பிடித்தால் என்னவாகும் என்று எனக்குத் தெரியாதா? கேக் தட்டை அப்படியே வைத்துவிட்டு, மச்சாளையும் ஏற்றிக்கொண்டு வண்டியை மெதுவாக உருட்டி என் கராஜுக்குக் கொண்டுபோனேன்.

மூடியைக் கழற்றினேன். ஒயில் தண்ணீர் கலந்து பால்தேத்தண்ணி நிறத்தில் வழிந்தது. மச்சாள் குனிந்து பார்த்தார்.

“ரெண்டு கிழமையாச் சத்தம் கேட்டது மச்சாள். வேறை கராஜிலை காட்டுவமோ எண்டும் யோசிச்சனான்.”

“பேந்து ஏன் காட்டேல்லை?”

“நீங்கள்தானே தேவையில்லை எண்டனீங்கள். வண்டி விசயத்திலை தங்கச்சி சொன்னா அதுக்கு மேலை கதையில்லை எண்டு அவர் எப்பவும் சொல்லுறவர். பிறகு நான் ஆரிட்டைப் போறது?”

எனக்கு நீங்கள் ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று இத்தனை நாளும் குமுறிக்கொண்டிருந்தேன். விட்டுப்போனதை வைத்து நான் என்ன செய்தேன், பார்த்தீர்களா?

புது ஒயில் ஊற்றியாயிற்று. துருப்பிடித்த பெயரிங் ஒன்றும் மாற்ற வேண்டும். அதுவரை வண்டி என்னிடம்தான் நிற்கிறது. அவர்கள் ஹம்பேர்க்குக்கு ரயிலில் போய் வந்தார்கள். ஒயில் மாற்றிய அன்று மச்சாள் என் எண்ணெய்க் கையைப் பிடித்து நன்றி சொன்னார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். அவரைக் கண்டால் இன்னும் எரிகிறது. ஆனால் சனிக்கிழமை வண்டி எடுக்க வருவார். தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதற்குப் பிறகு என் சொல்லை அவர் நம்பமாட்டார். அந்த நம்பிக்கை ஒன்றுதான் உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அது போனாலும் போகட்டும், சொல்லத்தான் போகிறேன். இது சத்தியம், அண்ணா.

உங்கள் எரிச்சல்காரத் தங்கச்சி,
சுகி