அப்பாவின் நாடகமும் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும்

அன்பு மகள் றெபேக்காவுக்கு,

பொஸ்டன் குளிரில் நீ தொப்பி போட்டு, வேளைக்குச் சாப்பிட்டு, பாடம் படிப்பிக்கும் பிள்ளைகளிடம் அதிகம் கோபப்படாமல் சுகமாயிருக்க மடு மாதா துணை நிற்பாராக. இங்கே நானும் அம்மாவும் சுகம். ஒரே வீட்டில் இரண்டு தனித்தனி அதிகாரங்களாகச் சுகமாக இருக்கிறோம். அது என்ன புதினம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் எழுதியிருப்பேன், ஆனால் என் போனை என்னைவிட அம்மாதான் கவனமாக வாசிக்கிறார்.

எல்லாவற்றுக்கும் காரணம் நீதான். போன வருட ஒன்றுகூடலில் என் நகைச்சுவை நாடகம் முக்கால் மணித்தியாலம் தாண்டி ஓடியதும், ஆட்டிறைச்சிக் கறி ஆறிக் கட்டியானதும், மண்டபக்காரன் வந்து லைற்றை அணைத்ததும், நம் மொன்ட்ரியால் தமிழர் ஒன்றியமே இரண்டாக உடையப் பார்த்ததும் உனக்குத் தெரியும். ஒன்றியத்தை நடத்தப் புதிய யாப்பு, புதிய சட்டக்கோவை வேண்டும் என்று எல்லாரும் கத்த, நான் உனக்குப் போன் எடுத்தேன். நீ அமெரிக்காவின் காங்கிரஸ், செனற், சனாதிபதி என்று பொறுமையாகப் பாடம் எடுத்தாய். அதில் என் காதில் தங்கியது நிறைவேற்று அதிகாரமுள்ள சனாதிபதி என்பது மட்டும்தான். நாங்கள் இலங்கையில் வளர்ந்த ஆட்கள், மகள். நிறைவேற்று சனாதிபதி என்றால் ஒருவர் கதிரையில் இருப்பார், மற்றவர்கள் எழும்பி நிற்பார்கள். நாங்கள் கண்டது அதுதான். அப்படி ஒரு கதிரை கிடைத்தால் என் நாடகத்தில் எவன் கை வைப்பான் என்று கணக்குப் போட்டு, அமெரிக்க முறையே வேண்டும் என்று வீடு வீடாகப் போய்க் கதைத்தேன், வீட்டுக்கு வீடு ரீயும் குடித்தேன், வென்று சனாதிபதியும் ஆகிவிட்டேன். நீ சிரிப்பாய். ஆனால் வருடம் முழுக்க சென்ட் லோரன்டில் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறவனுக்கு, சனத்தின் முன்னால் நின்று சிரிக்க வைக்கிற அந்த ஒரு நாள்தான் திருநாள்.

நீ சொன்னபடியே இரண்டு சபை வைத்தோம். கீழ்ச்சபைக்குக் குடும்பங்களின் எண்ணிக்கைப்படி ஆட்கள், அதனால் அங்கே மொன்ட்ரியால்-நோர்தான் பெரிய கூட்டம். மேல்சபைக்கு எங்கள் மூன்று இடங்களிலும் இருந்து இடத்துக்கு இரண்டு பேர், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கர்க்லாண்டில் தமிழரைவிடப் புல்லு வெட்டுகிற மெசின் அதிகம், அவர்களுக்கும் இரண்டு. எங்கட ஒரு மாடியிலயே அவையின்ர முழுச் சனமும் அடங்கும், எங்களுக்கும் ரெண்டு அவைக்கும் ரெண்டோ என்று மொன்ட்ரியால்-நோர் ஆட்கள் துள்ள, கர்க்லாண்ட் மரியதாசன் அண்ணை எழும்பி, பெரிய இடம் சின்ன இடத்தை விழுங்காமல் இருக்கத்தான் செனற், வேணுமெண்டால் றெபேக்காவைக் கேளுங்கோ என்று உன் பெயரைச் சொல்லியே வாயடைத்தார். கீழ்ச்சபைத் தலைவியாக வந்தது வேறு யாருமில்லை, உன் அம்மா அக்னெஸ். எதிர்த்துக் கை தூக்கியது நான் ஒருவன்தான். அது செல்லாதாம், சனாதிபதிக்கு அங்கே வாக்கு இல்லையாம்.

என் வீழ்ச்சி அன்றே தொடங்கியது. கோயில் பேஸ்மென்றில் முதல் கூட்டம். நாடகத்துக்கு ஒரு முழு மணித்தியாலம் என்று சட்டமூலம் எழுதிக்கொண்டு போனேன். அம்மா வாசலில் மறித்து, சனாதிபதி இஞ்ச சட்டமூலம் கொண்டு வரேலாது, உங்கட வேலை நாங்கள் ஆக்கிற சட்டத்தை நிறைவேற்றுறது, வெளியில நில்லுங்கோ என்றார். ஒட்டாவாவில் பிரதமர் சபைக்குள்ளேயே இருந்து, தானே சட்டம் கொண்டு வந்து, தன் ஆட்களோடு சேர்ந்து கையும் தட்டுகிறார். நான் எல்லாருடைய குளிர்ச்சட்டைகளோடும் நடையில் தொங்கிக்கொண்டு நின்றேன். பிறகு வேறொருவர் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினேன். அது ஒரு குழுவுக்குப் போனது, அதற்குப் பிறகு அதை உயிரோடு கண்டவர் இல்லை. வெளியே வந்தது வேறு ஒன்று: நாடகம் பத்து நிமிடம், அதற்கு மேல் ஒரு பகிடியும் கூடாது. கீழ்ச்சபையில் நிறைவேறி, மேல்சபையிலும் நிறைவேறி, என் கையெழுத்துக்கு வந்தது.

அப்போதுதான் நீ சொன்ன வீற்றோ, சட்டமூலத்தை மறுத்துத் திருப்பி அனுப்புகிற அந்த அதிகாரம், நினைவுக்கு வந்தது. அடடா, அது என்ன சுகம் மகள். நாலு பக்கத்தில் காரணம் எழுதி, சட்டமூலம் பிறந்த சபைக்கே திருப்பி அனுப்பினேன், அதாவது குசினிக்குப் போய் அம்மாவின் கையில் கொடுத்தேன். அம்மா வாசித்துவிட்டுச் சோறு போட்டார். இரண்டு நாள் நான் பேரரசன். பிறகுதான் இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பேர் சேர்ந்தால் வீற்றோவும் செல்லாது என்று தெரிந்தது. கீழ்ச்சபை அம்மாவின் சட்டைப்பைக்குள். மேல்சபையில் ஆறு பேர். எங்கள் சென்ட் லோரன்ட் இரண்டும் என் பக்கம், மொன்ட்ரியால்-நோர் இரண்டும் எதிர்ப்பக்கம், கர்க்லாண்டில் ஒருவர் என்னோடு நின்றாலே நான் தப்புவேன். அந்த இருவரில் ஒருவரான மரியதாசன் அண்ணை என் நாடகத்தில் நடிக்கிறவர், என்னைக் கைவிடுவாரா என்று நிம்மதியாகத் தூங்கினேன். மனுசன் எதிர்த்துக் கை தூக்கினார், பக்கத்தில் இருந்தவரையும் தூக்க வைத்தார். கேட்டதற்கு, தம்பி ஜெராட், நாலு வருசமா உன்ர நாடகத்தில நான்தான் பிணம், நீ கதையை இழுக்க இழுக்க நான் அந்தக் குளிர் நிலத்தில கிடந்து விறைக்கிறன், போன முறை மூக்குக் கடிச்சும் சொறியேலாமல் கிடந்தனான் என்றார்.

நான் எதிர்த்த சட்டத்தை நானே நிறைவேற்ற வேண்டி வந்தது. அந்தக் கதிரையின் வேலையே அதுதானாம். சத்தியமாய்ச் சொல்கிறேன், நாடகத்தைப் பத்து நிமிடத்துக்கு வெட்டும்போது அழுகை வந்தது. வெட்டிய பக்கங்களை மறுபடி வாசித்தபோது வேறு விதமாக அழுகை வந்தது. ஒரே பகிடியை மூன்று பேர் மாறி மாறிச் சொல்லியிருக்கிறார்கள், எழுதியவன் நான்.

போன சனிக்கிழமை ஒன்றுகூடல். பத்து நிமிடம் நடந்தது. பிணம் எழும்பி மூக்கைச் சொறிந்துகொண்டு, சாப்பாடு ரெடியோ என்று கேட்டதோடு முடிவு. மகள், இத்தனை வருடத்தில் இப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மேசையில் தட்டினார்கள். நான் மைக்கைப் பிடித்து, நான் சட்டத்தை நிறைவேற்றுற ஆள், ஆக்கிற ஆள் இல்லை, சபையைக் கேளுங்கோ என்றேன். மண்டபமே அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா அந்த இடத்திலேயே இரண்டு சபையையும் கூட்டி, றோல்ஸ் பிடித்த கையாலேயே எல்லாரையும் வாக்களிக்க வைத்து, இன்னும் பத்து நிமிடம் என்று ஒரு கைதுடைக்கும் கடதாசியில் எழுதி மேடைக்கே கொண்டு வந்தார். போடுங்கோ கையெழுத்தை, சனம் கேக்குது, நானும் கேக்கிறன் என்றார். முப்பது வருடமாக என் நாடகத்துக்குக் கொட்டாவி விட்ட மனுசி.

நான் கடதாசியை வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்தேன். மைக்கில், சாப்பாடு தொடங்குது, வரிசையில வாங்கோ என்றேன். இரு சபை உறுப்பினரும் சாப்பாட்டுக் கோப்பையோடு ஓடினார்கள். அன்றோடு இந்த வருட அமர்வு முடிகிறது. சபை கலைந்த பிறகு சனாதிபதி கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தால் சட்டமூலம் அப்படியே செத்துவிடும், மூன்றில் இரண்டும் ஒன்றும் செய்ய முடியாது என்று நீதானே சொன்னாய். வெட்டிய பக்கங்களில் மிச்சமாய் இருந்தது மூன்று பேர் மாறி மாறிச் சொல்கிற அந்த ஒரே பகிடிதான், அதை எப்படி மேடையேற்ற? வரிசையில் பாதி வழி போன பிறகுதான் அம்மாவுக்கு விளங்கியது. கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்து, கள்ளன் என்று சொல்லிச் சிரித்தார். அது எந்தச் சபைக் குறிப்பிலும் ஏறவில்லை.

உன் தம்பி டினோஜனின் சின்னவளுக்கு கார்டெரியில், அந்தப் பிரெஞ்சுப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில், இடம் கிடைத்துவிட்டது. எனக்கே பொன்ஜூர் சொல்கிறாள். ஞாயிறு பூசையைத் தவறவிடாதே, கார்ச் சில்லைக் குளிர்காலத்துக்கு ஏற்றதாக மாற்று, அம்மாவுக்குப் போன் எடு. இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சும் விடாதே. ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக.

இப்படிக்கு,
அன்பு அப்பா,
ஜெராட்
(அடுத்த தேர்தல் வரை சனாதிபதி)