மூன்றாவது தட்டு

அன்பு அண்ணாவுக்கு,

நீ போனபின் உன் படத்தைப் பாட்டிலில் ஒட்டி விற்கிறார்கள். எழுதும்போதே குமட்டுகிறது. உன் முகத்துக்குக் கீழே 'புல்லுருவித் துளிகள்: லிம்போமாவுக்கு முழுத் தீர்வு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். 'முழு' என்ற சொல் உன் வாயிலிருந்து என்றாவது வந்ததுண்டா?

ஞாயிறன்று லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மாடி ஹாலில் கூட்டம். உன் தம்பி என்பதால் எனக்குச் சால்வை போர்த்தக் கூப்பிட்டார்கள். மறுக்கத் தெரியாமல் போனேன்; என்னை உனக்குத் தெரியுமே. நியூ டவுன் கார்த்திக் முன்வரிசையில் இருந்தான். அவன் மனைவி வித்யாவுக்கு அதே லிம்போமா, நிணநீர்ப் புற்றுநோய். கீமோ பாதி முடிந்திருக்கிறது.

"மீதி கீமோ வேண்டாம்னு இருக்கோம் மாமா. உங்க அண்ணா ஆராய்ச்சியாச்சே!" என்றான்.

திரையில் உன் ஆய்வகப் படம். ஒரு தட்டில் எதுவும் சேர்க்காத புற்றணுக்கள் உயிரோடு. பக்கத்துத் தட்டில் புல்லுருவிச் சாறு பட்டவை செத்து. ஒரே கைதட்டல். ஓரத்தை வெட்டியிருந்தார்கள், அண்ணா. அங்கேதான் மூன்றாவது தட்டு இருந்தது: சாறே இல்லாமல், அதைக் கரைத்த ஸ்பிரிட் மட்டும் விட்டது. அதிலும் எல்லாம் செத்துக் கிடந்தன. நான் வேலை பார்த்த கிடர்பூர் சுங்க ஆய்வகத்துக்கு விடுமுறை என்றால் உனக்கு அணுக்களை எண்ணித்தர வந்தவன் நான், எப்படி மறப்பேன்? இந்தச் சோதனை செல்லாது என்று நீதானே ஒதுக்கினாய்?

"மூன்றாவது தட்டு எங்கே?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சார் உணர்ச்சிவசப்படறார். வயசாச்சில்ல!" என்று விற்பவன் சிரித்துச் சால்வையை இறுக்கிவிட்டான். அருவருப்பாக இருந்தது. கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கினேன். வேறென்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை.

கார்த்திக் படியில் வந்து பிடித்தான். "அந்தத் தட்டுல என்ன மாமா இருந்தது?"

"வெறும் ஸ்பிரிட்டுப்பா. அதுவே கொன்னுடுத்து."

"அப்ப சாறு?"

"ஸ்பிரிட்டைக் குறைச்சு மறுபடி பண்ணினப்போ வளர்ச்சி கொஞ்சம் மந்தமாச்சு. தட்டுல. மனுஷாளுக்கு என்ன பண்ணும்னு தெரியாதுன்னுதான் அண்ணா கடைசிவரைக்கும் சொன்னான்."

அவன் படியிறங்கிப் போய்விட்டான். சரியாகச் சொன்னேனா என்று அன்றிரவு முழுக்கக் குழம்பினேன். நீ இருந்திருந்தால் இன்னும் தெளிவாகச் சொல்லியிருப்பாய், இல்லையா?

இன்று காலை வித்யாவே போன் செய்தாள். "சால்வையைத் தூக்கிப் போட்டுட்டேளாமே மாமா? எடுத்துண்டு வந்திருக்கலாம். வியாழக்கிழமை கீமோவுக்குப் போறேன், அங்கே ஏசி தாங்கலை."

வியாழனன்று என் கம்பளிச் சால்வையை எடுத்துக்கொண்டு அவளோடு போகிறேன். உன் முகத்தை வைத்து அவர்கள் எங்கே கூட்டம் போட்டாலும் அங்கும் போவேன். கால் நடுங்கும். நடுங்கட்டும். மூன்றாவது தட்டைக் கேட்காமல் திரும்பமாட்டேன்.

உன் பயந்தாங்கொள்ளித் தம்பி,
ரங்கு