கரை சேராத அளவுகளும் என் மௌனமும்

அனுப்புநர்:
மூத்த கண்காணிப்பாளர்,
நீரடி உணரிப் பிரிவு, கரை நிலையம்.

பெறுநர்:
தலைமை நிர்வாகி அவர்கள்,
துறைமுக அலுவலகம்.

பொருள்: எம் பிரிவின் பெண் தொழில்நுட்பரைப் பணிநீக்கம் செய்யும் ஆணையைத் திரும்பப் பெற்று, என்மீது விசாரணை நடத்த வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடலடியில் பதித்துள்ள பதினொரு உணரிகள் நீரோட்டத்தை அளந்து, ஒன்றுக்கொன்று ஒலியால் சொல்லி, மிதவை வழியே கரைக்கு அனுப்புகின்றன. கரையிலிருந்து 'கிடைத்தது' என்னும் மறுமொழி திரும்பும்வரை அளந்த உணரி தன் பிரதியை அழிக்கலாகாது. வழியில் ஒன்று பழுதானால் வேறு வழியே மீண்டும் அனுப்ப வேண்டும். இதுவே விதி.

2. மீண்டும் மீண்டும் அனுப்பியதில் மின்கலங்கள் விரைவில் தீர்ந்தன. மாத அறிக்கையில் எம் பிரிவு கடைசியில் நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. ஆகவே, பக்கத்து உணரி கேட்டவுடனே மறுமொழி சொல்லிவிடுமாறு அமைப்பை மாற்றச் சொன்னேன். தொழில்நுட்பர் மறுத்தார். "சார், காதுல விழுந்துச்சுன்னு சொல்றது வேற, கொண்டுபோய்ச் சேத்துட்டேன்னு சொல்றது வேற. நடுவுல ஒண்ணு படுத்துருச்சுன்னா..." என்றவரை முடிக்கவிடாமல், மூத்தோர் சொற்கேட்டல் பற்றி மூன்று செய்யுள்களைப் பொருளோடு எடுத்துரைத்தேன். "நீங்க பாட்டாவே சொன்னா நான் என்னத்தச் சொல்றது" என்று தம் கணினியிலேயே மாற்றினார். பதிவில் அவர் அடையாளம் மட்டுமே உள்ளது.

3. அம்மாத அறிக்கையில் நூற்றுக்கு நூறு. பாராட்டுக் கடிதம் என் பெயருக்கு வந்தது. அதை வழிபாட்டு அறையில் வைத்தேன் என்று எழுதக் கை கூசுகிறது.

4. சென்ற செவ்வாய் காலை, நடுவிலிருந்த ஏழாம் உணரி கீழிருந்து வந்ததைக் கேட்டது, மறுமொழி சொன்னது, மேலே அனுப்ப மின்கலத்தில் வலுவின்றி நின்றது. கீழுள்ளவை தம் பிரதிகளை அழித்துவிட்டன. கரை நிலையத் திரையில் பழைய அளவே நின்றது. அதில் நீரோட்டம் மெதுவாக இருந்தது. அதை நம்பி இறங்கிய முக்குளிப்பவர் என் தங்கையின் கணவர். நீரோட்டம் அவரைத் துறைமுகத் தூணில் மோதவிட்டுத் தோளை முறித்தது. மருத்துவமனையில், "விடுங்க மச்சான், கடல்னா அப்படித்தான்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். நான் தலையசைத்தேன்.

5. விசாரணைக் குழு கேட்டபோது, "மாற்றியவர் யார் என்பது பதிவில் உள்ளது" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆயினும் பொய்யினும் இழிந்தது. ஐம்பதாண்டுகளாக வாய்மையைப் பாடி வந்த நாவே அதைச் சொன்னது. அன்று முதல் காலை வழிபாட்டில் எனக்குக் குரல் எழவில்லை.

6. இன்று காலை என் அடையாளத்திலேயே பழைய விதியை மீட்டமைத்துள்ளேன். ஏழாம் உணரி மாற்றப்படும்வரை எவரையும் நீரில் இறக்க வேண்டாம்.

7. வரும் இருபதாம் நாள் நடைமுறைக்கு வரவுள்ள பணிநீக்க ஆணையை நிறுத்துமாறு மன்றாடுகிறேன். எனக்குக் கருணை கோரவில்லை. மறுவிசாரணையில் அவரை முதலில் பேச அழையுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை, நான் எதை மேற்கோள் காட்ட எழுந்தாலும், என்னை உட்காரச் சொல்லுங்கள்.

இடம்: கரை நிலையம்
நாள்: 14.03

தலைகுனிவுடன்,
(கையொப்பம்)
மூத்த கண்காணிப்பாளர்